பெயர் தெரிந்த பிரியாணி, பெயர் தெரியாத ஷூ

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன், பெரும்பாலானவர்கள் முதலில் ஒரு இமெயில் முகவரி உருவாக்கிக் கொள்கின்றனர். அடுத்ததாக பேஸ்புக்கில் ஒரு கணக்கு. பள்ளி நண்பர்களைத் தேடுகிறோம்; வெளியூரில் இருக்கும் உறவினர்களைத் தேடுகிறோம். ஓரிரு வாரங்களில், நாம் தேடாத சிலரும் நம் திரையில் வந்து நிற்கின்றனர். செல்போன் கம்பெனி, நகைக் கடை, பிஸ்கட் கம்பெனி, பிரியாணிக் கடை என எல்லோரும் "எங்களை லைக் செய்யுங்கள், பின் தொடருங்கள்" என அழைக்கின்றனர்.

நண்பர்கள் கூடும் இடத்தில் கம்பெனிகளுக்கு என்ன வேலை? இதனால் நமக்குப் பயன் ஏதேனும் உண்டா? நம் வீட்டில் யாராவது கடையோ, சிறு தொழிலோ நடத்தினால், அவர்களும் இதில் இறங்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, எங்கோ அமெரிக்காவிற்குப் போவதற்கு முன்னர், நம் பக்கத்தில் இருக்கும் ஆம்பூரிலிருந்து தொடங்கலாம்.

ஒரே ஊர், இரண்டு பொருட்கள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு ஆம்பூரைத் தெரியாமல் இருக்காது. வேலூரைத் தாண்டியவுடன் வயிறு தானாகவே மணி பார்க்கத் தொடங்கிவிடும். சீரகச் சம்பா அரிசியில் செய்த பிரியாணி, தொட்டுக் கொள்ளக் கத்தரிக்காய்க் குழம்பு, தயிர் வெங்காயம். இன்று "ஆம்பூர் பிரியாணி" என்ற போர்டு இல்லாத நகரம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பது சந்தேகம். அந்தக் கடைகளில் பலவற்றுக்கு ஆம்பூருடன் எந்தத் தொடர்பும் இருக்காது. ஆனாலும் அந்தப் பெயரை வைத்தால் தான் வியாபாரம் நடக்கும் என அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதே ஊரிலிருந்து இன்னொரு பொருளும் வெளியே செல்கிறது. அது தோல் ஷூ. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என இந்தப் பகுதி முழுவதும் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் உள்ளன. 2019 ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மாவட்டங்கள் பிரிந்தாலும் தொழில் ஒன்று தான். காலையில் கம்பெனி பஸ்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்து இறங்குகின்றனர். அவர்கள் வெட்டித் தைத்து ஒட்டிய ஷூக்கள் ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் செல்கின்றன.

ஆனால், அந்த ஷூவைப் போட்டுக் கொண்டு நடப்பவருக்கு ஆம்பூர் என்ற பெயர் தெரியாது. ஷூவில் இருப்பது வெளிநாட்டு கம்பெனியின் பெயர். உள்ளே எங்காவது ஒரு மூலையில் "மேட் இன் இந்தியா" என்ற சிறிய எழுத்துகள் இருந்தால் உண்டு.

பிரியாணிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது யார்? சாப்பிட்டவர்கள் தான். இறங்கிச் சாப்பிட்ட லாரி டிரைவரும், பஸ் பயணியும், காரில் வந்த குடும்பமும் தங்கள் ஊரில் போய்ச் சொன்னார்கள். சமைத்தவரும் சாப்பிட்டவரும் நேருக்கு நேர் பார்த்துக் கொண்டார்கள். ஷூ விஷயத்தில் செய்தவருக்கும் போட்டவருக்கும் நடுவில் ஏற்றுமதியாளர், வெளிநாட்டு கம்பெனி, அங்குள்ள கடை எனப் பலர் நிற்கின்றனர். அதனால் தான் ஒன்று பெயருடன் போயிற்று. மற்றொன்று பெயர் இல்லாமல் போயிற்று.

சோஷியல் மீடியா எனப்படும் சமூக வலைத் தளங்கள், இந்த நடுவில் இருப்பவர்களைத் தாண்டி, செய்தவரையும் வாங்கியவரையும் பேச வைக்கின்றன. இதனை ஒரு விளம்பரப் பலகையாக மட்டும் பயன்படுத்தும் கம்பெனிகள், கையில் இருக்கும் டெலிபோனை ஒலிபெருக்கி என்று நினைத்துக் கொள்கின்றன என்பதே என் கருத்து.

பெயர் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

பணம் வந்தால் போதாதா, பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கின்போது வெளிநாட்டுக் கடைகள் மூடப்பட்டன. கடை மூடினால் ஆர்டர் இல்லை; ஆர்டர் இல்லை என்றால் இங்கு மெஷின் ஓடாது. அடுத்து 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கிப் போயின.

இரண்டு முறையும் முடிவு எடுத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். வேறு நாட்டில் செய்தால் மலிவு என்று வெளிநாட்டு கம்பெனி முடிவு செய்தால், அந்த ஷூவைப் போடுகிறவர் "எனக்கு ஆம்பூர் ஷூ தான் வேண்டும்" என்று கேட்கப் போவதில்லை. அவருக்கு அந்தப் பெயரே தெரியாதே! பத்து இருபது சதவீத வியாபாரமாவது தன் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குபவர்களிடம் நடந்தால், மோசமான காலத்தில் ஒரு கை ஊன்றிக் கொள்ள இடம் இருக்கும். எனவே தான், நிலையான வாடிக்கையாளர் என்பது ஒரு தொழிலுக்கு வெறும் பெருமை அல்ல. சம்பளம் தொடர்ந்து கிடைப்பதற்கான ஒரு வழி.

வாடிக்கை என்றால் என்ன?

நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இதனை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்குள் நுழைந்தவுடன், "வாங்க சார், போன தடவை எடுத்த ஷூ தம்பிக்கு சரியா இருந்துச்சா? கொஞ்சம் டைட்டா இருக்கும்னு சொன்னீங்களே" என்று கேட்கும் கடைக்காரரை நாம் மறப்பதில்லை. அவர் மூன்று வேலைகளைச் செய்கிறார். நம்மை நினைவில் வைத்திருக்கிறார். விற்ற பின்னரும் அந்தப் பொருளைப் பற்றிக் கவலைப்படுகிறார். குறை இருந்தால் சொல்ல நமக்கு இடம் கொடுக்கிறார்.

சமூக வலைத் தளத்தில் ஒரு கம்பெனி செய்ய வேண்டியதும் இந்த மூன்று தான். எத்தனை லட்சம் லைக் என்பது அடுத்த விஷயம். ஆனால் பல கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, தள்ளுபடி அறிவிப்பு. கீழே ஒருவர் "என் பார்சல் இன்னும் வரவில்லை" என எழுதியிருப்பார். அதற்குப் பதில் இருக்காது. அடுத்த நாள் மீண்டும் ஒரு தள்ளுபடி அறிவிப்பு. கடையில் நாம் பேசும்போது முதலாளி காது கேளாதவர் போல மைக்கில் கத்திக் கொண்டிருந்தால், நாம் மறுபடியும் அங்கே போவோமா?

பாடம் படித்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி

நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்பதால், டெல் கம்பெனியின் கதை உங்களுக்குச் சுவையாக இருக்கும். 2005 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், தான் வாங்கிய டெல் லேப்டாப் சரியாக வேலை செய்யவில்லை என்றும், வீட்டிற்கே வந்து பழுது பார்க்கும் சேவைக்குப் பணம் கட்டியும் பயனில்லை என்றும் இன்டர்நெட்டில் எழுதினார். தங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று ஏராளமானவர்கள் அவருடன் சேர்ந்து கொண்டனர். பெரிய நாளிதழ்கள் வரை விஷயம் சென்றது.

டெல் முதலில் பேசாமல் இருந்தது. பின்னர், 2006 ஆம் ஆண்டில், இன்டர்நெட்டில் தன்னைப் பற்றிக் குறை எழுதுபவர்களைத் தேடிச் சென்று, உதவி செய்யத் தொடங்கியது. 2007 ஆம் ஆண்டு பிப்ரவரியில் "ஐடியாஸ்டார்ம்" என்ற தளத்தைத் திறந்தது. "எங்கள் கம்ப்யூட்டரில் என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், மற்றவர்கள் சொன்னதில் பிடித்ததற்கு ஓட்டுப் போடுங்கள்" என்பது அதன் ஏற்பாடு. விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் பதிந்த கம்ப்யூட்டர் வேண்டும் என்று பலர் கேட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் உபுண்டு லினக்ஸ் பதிந்த கம்ப்யூட்டர்களை டெல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. கேட்டார்கள், கிடைத்தது. இது தான் உரையாடல்.

கேட்க மறுத்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2009 ஆம் ஆண்டு ஒரு எடுத்துக்காட்டு தந்தது. கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் என்ற பாடகரின் கிட்டார், யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்தில் உடைந்தது. பல மாதங்கள் அலைந்தும் இழப்பீடு கிடைக்கவில்லை. அவர் அதனையே ஒரு பாட்டாகப் பாடி, அந்த ஆண்டு ஜூலையில் யூடியூபில் ஏற்றினார். லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பின்னர் தான் நிறுவனம் அவரை அழைத்துப் பேசியது. கிட்டாரின் விலையை விடப் பல மடங்கு மரியாதை அதற்குள் போய்விட்டிருந்தது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. 2015 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காரீயம் குறித்த சர்ச்சையில் மேகி நூடுல்ஸ் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. மும்பை உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் மாதத்தில் தடையை நீக்கியது. நவம்பரில் பாக்கெட்டுகள் மீண்டும் கடைக்கு வந்தன. கடையில் பொருளே இல்லாத அந்த இடைவெளியில், "நாங்களும் உங்களைத் தேடுகிறோம்" என்ற பொருளில் நெஸ்லே கம்பெனி சிறு வீடியோக்களை இன்டர்நெட்டில் வெளியிட்டு, வாடிக்கையாளர்களுடன் பேச்சை விடாமல் வைத்திருந்தது. விற்க எதுவும் இல்லாத நேரத்திலும் பேசியது என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் பக்கத்தில் வந்தால், சென்னையின் ராயல் என்ஃபீல்டு. 1955 ஆம் ஆண்டிலிருந்து சென்னையில் புல்லட் உருவாகி வருகிறது. சமூக வலைத் தளங்கள் வருவதற்கு முன்பிருந்தே புல்லட் ஓட்டுபவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் அமைத்து ஒன்றாகச் சுற்றினார்கள். கம்பெனி அவர்களை விட்டு விலகி நிற்கவில்லை. 2004 ஆம் ஆண்டு முதல் இமயமலைப் பயணம், 2011 ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஒரே நாளில் வண்டி ஓட்டும் விழா என அவர்களுடன் சேர்ந்து கொண்டது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வந்தபோது அங்கே போட்டுக் காட்ட அவர்களிடம் ஏற்கனவே கதைகள் இருந்தன. 2018 ஆம் ஆண்டு ஜூலையில் "பெகாசஸ்" என்ற சிறப்பு வண்டியை இன்டர்நெட் மூலம் விற்றபோது, இந்தியாவிற்கு ஒதுக்கிய 250 வண்டிகளும் 178 வினாடிகளில் விற்றுத் தீர்ந்தன. மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்திற்குப் பின்னால் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

மூன்றாவதாக, எனக்கு மிகவும் பிடித்தது கோ-ஆப்டெக்ஸ். 1935 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த நெசவாளர் கூட்டுறவு நிறுவனம், 2010களில் பட்டுச் சேலைகளுடன் ஓர் அட்டையை வைத்துத் தந்தது. அந்தச் சேலையை நெய்த நெசவாளியின் பெயர், புகைப்படம், நெய்ய ஆன நாட்கள் ஆகியவை அந்த அட்டையில் இருந்தன. இதில் கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லை. ஆனால் கட்டுபவருக்கும் நெய்தவருக்கும் இடையே இருந்த திரை ஒரு சிறு அட்டையால் விலகியது. ஆம்பூர் ஷூவிற்கு நான் கேட்பதும் இந்த அட்டையைத் தான். அட்டையுடன் ஒரு க்யூஆர் கோட் சேர்ந்தால், போனைக் காட்டியவுடன் ஷூ பிறந்த இடத்தையே பார்த்துவிடலாம்.

ஆம்பூர் கம்பெனிகள் என்ன செய்யலாம்?

இதற்கு இரண்டு எதிர்ப்புகள் வரும். முதலாவது, "வெளிநாட்டு கம்பெனிக்குச் செய்து கொடுக்கிறோம், அவர்கள் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது". உண்மை தான். அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். உங்கள் கைத் திறமையைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பச்சைத் தோல் பதமாகி வரும் படிகள் என்ன, நல்ல தோலைத் தொட்டுப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, அப்பரையும் சோலையும் எப்படி இணைக்கிறார்கள், ரெக்ஸினுக்கும் தோலுக்கும் என்ன வித்தியாசம் என இரண்டு நிமிட வீடியோக்கள் எடுத்தாலே போதும். மழைக்காலத்தில் ஷூவில் பூஞ்சை படிந்தால் என்ன செய்வது, நனைந்த ஷூவை ஏன் வெயிலில் காய வைக்கக் கூடாது, உள்ளே பழைய செய்தித்தாளை ஏன் திணித்து வைக்க வேண்டும் என்று சொல்ல இந்த ஊரை விடத் தகுதியான ஊர் ஏது? இப்படிக் கற்றுக் கொடுப்பவரிடம் தான் மக்கள் நம்பி வாங்குவார்கள். ஏற்றுமதியுடன் சேர்த்து, சொந்தப் பெயரில் சிறிய அளவில் ஷூ, பெல்ட், பர்ஸ் விற்பதற்கு அது வாசலைத் திறந்து விடும்.

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கஷ்டமானது. வெளியில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். "மக்களைப் பேச விட்டால் பாலாற்றைப் பற்றிக் கேட்பார்களே!" கேட்கத்தான் செய்வார்கள். கேட்க வேண்டும். டேனரிக் கழிவால் பாலாறும், கிணறுகளும், நிலங்களும் கெட்டதை 1996 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், மாசைக் கண்காணிக்கவும் உத்தரவிட்டது. இடையில் 28 ஆண்டுகளுக்கும் மேல். இதனை மறைத்துவிட்டு, பளபளக்கும் ஷூ படத்தை மட்டும் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் கழிவு நீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்குப் போகிறது, எதனைச் சரி செய்தோம், இன்னும் எதனைச் சரி செய்யவில்லை என்று தைரியமாகச் சொல்லும் கம்பெனி தான் நிலையான வாடிக்கையாளரைப் பெறும். பதில் சொல்ல முடியாத கம்பெனி, பேஸ்புக் பக்கம் திறப்பதற்கு முன் கழிவு நீர்க் குழாயைக் கவனிக்கட்டும். சமூக வலைத் தளம் முகத்தைக் காட்டும் கண்ணாடி. முகத்தில் இருக்கும் அழுக்கை அது துடைக்காது.

வாடகை வீட்டை நம்பலாமா?

இதில் சில ஆபத்துகளும் உண்டு. முதல் ஆபத்து, எண்ணிக்கை மயக்கம். லைக்குகளையும் பின் தொடர்பவர்களையும் பணத்திற்கு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பத்தாயிரம் லைக்கில் ஒருவர் கூட ஷூ வாங்க வர மாட்டார். பொய்யாக எழுதி வாங்கும் பாராட்டுகளும் அப்படியே. பணம் அல்லது இலவசப் பொருள் பெற்றுக் கொண்டு ஒரு பொருளைப் பாராட்டுபவர், அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன.

இரண்டாவது ஆபத்து, இந்தத் தளங்கள் எல்லாம் வாடகை வீடுகள் என்பது. ஒரு காலத்தில் நம் இளைஞர்கள் எல்லோரும் ஆர்குட்டில் இருந்தார்கள். 2014 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. கூகுள் ப்ளஸ் 2019 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. டிக்டாக்கை மத்திய அரசு 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தடை செய்தபோது, அதில் மட்டும் வாடிக்கையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் எல்லோரையும் இழந்தார்கள். 2018 ஆம் ஆண்டு ஜனவரியில், இனி நண்பர்கள், உறவினர்களின் செய்திகளுக்கே முன்னுரிமை என பேஸ்புக் அறிவித்த பின்னர், கம்பெனிப் பக்கங்கள் போடும் செய்திகள் அவற்றை லைக் செய்தவர்களுக்கே கூடச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. காசு கட்டினால் போய்ச் சேரும். எனவே வாடிக்கையாளர் பட்டியல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். வேறு ஒருவரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக் கூடாது.

உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே தொடங்கலாம்

நீங்களோ உங்கள் வீட்டாரோ சிறிய கடை வைத்திருந்தால், பெரிய செலவு இல்லாமல் கீழ்க்காணும் நான்கு வேலைகளைச் செய்யலாம்.

1. எக்ஸெல் தொகுப்பில் ஒரு புதிய பைல் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். பெயர், போன் எண், வாங்கிய நாள், வாங்கிய பொருள், கால் அளவு, சொன்ன குறை என ஆறு நெட்டு வரிசைகள். பழைய கணக்கு நோட்டு தான். ஆனால் பில்டர் வசதி மூலம் எட்டாம் நம்பர் அளவு உள்ளவர்கள் யார் யார் என ஒரே க்ளிக்கில் பார்க்கலாம். போன் எண்ணை எழுதும் முன், "புது மாடல் வந்தால் செய்தி அனுப்பலாமா?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். ஒருவரின் தகவலை அவர் சம்மதத்துடன் தான் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அது மரியாதையும் கூட.

2. 2018 ஆம் ஆண்டில் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் என்ற புரோகிராமை, கடைக்கென்று உள்ள போன் எண்ணில் இலவசமாகப் பதியலாம். பொருட்களின் படம், விலை ஆகியவற்றை கேட்டலாக் பகுதியில் அமைக்கலாம். பின்னர் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் தளத்தைத் திறந்து, போனில் லிங்க்டு டிவைசஸ் பகுதிக்குச் சென்று, திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், கீபோர்டில் வேகமாகப் பதில் டைப் செய்யலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியில், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது குறை போலத் தோன்றும். ஆனால் உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர் தானே உண்மையான வாடிக்கையாளர்?

3. கூகுள் பிசினஸ் புரொபைலில் கடையைப் பதிவு செய்யுங்கள். நெடுஞ்சாலையில் வருபவர் மேப்பில் தேடும்போது உங்கள் கடை தெரியும். அங்கே யாராவது குறை எழுதினால் கோபப்பட வேண்டாம். "சோல் பிரிந்ததற்கு வருந்துகிறோம். கொண்டு வாருங்கள், ஒட்டித் தைத்துத் தருகிறோம்" என்று பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைக் குறை சொன்னவர் ஒருவர் படிப்பார். வாங்கலாமா என்று யோசிக்கும் நூறு பேரும் படிப்பார்கள்.

4. வாரம் ஒரு முறையாவது பயனுள்ள ஒன்றைப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, கால் அளவு எடுப்பது எப்படி? மாலை நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மீது நின்று, குதிகாலையும் மிக நீளமான விரலின் நுனியையும் பென்சிலால் குறித்து, இடைவெளியை சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். காலையை விட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். இந்த ஒரு வீடியோவே தவறான அளவில் வாங்கித் திருப்பி அனுப்பும் தொல்லையைக் குறைத்துவிடும்.

வாங்குபவரின் பங்கு

கடை இல்லை, நான் வாங்குபவன் மட்டும் தான் என்கிறீர்களா? உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நல்ல பொருள் கிடைத்தால் செய்தவரின் பெயரைச் சொல்லி நான்கு வரி எழுதுங்கள். குறை இருந்தால் நாள், பில் எண், படம் ஆகியவற்றுடன் நாகரிகமாக எழுதுங்கள். திட்டினால் விஷயம் திசை மாறிவிடும். கம்பெனி பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பெரிய கம்பெனிகளின் பெயரில் போலிப் பக்கங்களும், போலி கஸ்டமர் கேர் எண்களும் இன்டர்நெட்டில் உலவுகின்றன. பக்கம் தொடங்கிய நாள், அதன் முகவரி, பழைய வாடிக்கையாளர்கள் எழுதியவை ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பணம் அனுப்புங்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் தரக் கூடாது. ஏமாந்துவிட்டால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணிற்குப் போன் செய்யவும்.

முடிவாக

ஆம்பூர் பிரியாணியின் பெயரை எந்த விளம்பர கம்பெனியும் உருவாக்கவில்லை. சாப்பிட்டவரை அடுத்த முறையும் அடையாளம் கண்டு, "இன்னும் கொஞ்சம் குழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டவர்கள் உருவாக்கினார்கள். சமூக வலைத் தளம் செய்வது, அந்தக் கேள்வியை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரிடமும் கேட்க வைப்பது மட்டும் தான். கேட்கும் மனம் கம்பெனியிடம் இருக்க வேண்டும்.

அடுத்த முறை நீங்கள் ஷூ வாங்கும்போது, கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஊரில் செய்தது?" பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தெரிந்து வைத்துக் கொள்வார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி பெட்டியிலேயே அச்சடித்துத் தரும். பேர்ணாம்பட்டிலிருந்து காலை பஸ் பிடித்துக் கம்பெனிக்கு வரும் பெண்ணின் ஊர்ப் பெயர், அவர் தைத்த ஷூவுடன் சேர்ந்து பயணம் செய்ய அதுவே தொடக்கமாக இருக்கும்.